பித்தளை மாமாவின் ஒற்றை விரல்

கடலூர் மாவட்டத்தில் செத்தவரைக்கூடப் பொறுமை இழக்க வைக்கக்கூடிய ஒரே மனிதர் பித்தளை மாமாதான். மஞ்சக்குப்பத்தில் எனக்கு எதிர்வீடு. ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. கழுத்தில் எந்நேரமும் தொங்கும் சாக்ஸபோனைப் பார்த்துத் தெரு வைத்த பெயர்தான் நிலைத்தது.

சர்ச் பேண்டில் ஆரம்பித்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட் ஒன்றுக்குத் தலைவரானார். அதுவரை யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு செல்போனில் ஜாஸ் கேட்கத் தொடங்கினார். ஜாஸ் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

“தெரிஞ்ச பாட்டுலேர்ந்து கெளம்பி, தெரியாத ஊரெல்லாம் சுத்திட்டு, திரும்ப அதே பாட்டுக்கு வந்து சேரணும் சார்.”

“வந்து சேரலன்னா?”

“அது இன்னும் நல்ல ஜாஸ்.”

புவனகிரியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டைத்தான் எடுத்தார். வெள்ளாற்றுப் பாலத்தருகே பாட்டைவிட்டு இறங்கியவர், நெடுநேரம் திரும்ப ஏறவில்லை. நின்றபடி கண்ணை மூடி ஊத, மாப்பிள்ளையின் கார் அலுத்துப்போய்த் தனியாக மண்டபம் சேர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பா போன் செய்தார்.

“எங்கய்யா இருக்கீங்க?”

“பல்லவிக்குத்தாங்க வந்துக்கிட்டிருக்கோம்.”

சாவு வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். ஜாஸ் முறைப்படி ஒவ்வொரு கலைஞரும் தனியாக ஒரு சுற்று வாசிக்க வேண்டும் என்பார். ஒவ்வொரு முச்சந்தியிலும் ஊர்வலம் நிற்கும். ஒருமுறை கொள்ளிச்சட்டியோடு நின்ற மகன் பொறுக்கமாட்டாமல் கத்தினான்: “யோவ், எங்கப்பா வெயில்ல கெடக்குறாருய்யா!”

“ஒரே ரவுண்டு தம்பி. தவில்காரரு தனியா வாசிக்கிறாரு. பாதில நிறுத்துனா அவரு மனசு கஷ்டப்படும்.”

இப்படியே போனதில் அழைப்புகள் குறைந்தன. செட்டிலிருந்து ஆட்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: ஒரு கீபோர்டுக்காரர், கீரப்பாளையத்துத் தவில்காரர். அப்போதுதான் பித்தளை மாமாவுடைய மனைவியின் தம்பி வந்தார். புவனகிரியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஆணி மாதிரியே பேசுவார்.

“மாமா, அக்கா மூஞ்சியப் பாக்க முடியல. இத ஓரமா வச்சிட்டு வந்து கல்லாவுல ஒக்காருங்க.”

பித்தளை மாமா யோசித்தார். “ஒரு கச்சேரி மச்சான். ரோட்டுல இல்ல, ஹால்ல. ஜனங்க நாற்காலியில ஒக்காந்து கேக்கணும். அது கெட்டுப்போச்சுன்னா மறுநாளே கடைக்கு வந்துடறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

இடம் சிதம்பரம் என்று முடிவாயிற்று. அங்கே கேட்கத் தெரிந்தவர்கள் ஜாஸ்தி என்பது அவர் நம்பிக்கை. நான் வருவாய்த் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஒலிபெருக்கிக்கு யாரிடம் அனுமதி, எந்த நகல் யாருக்கு என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆகவே ஏற்பாடு என் தலையில் விழுந்தது. எல்லா விதிகளும் எனக்கு வளைந்தன. சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றின் மேனேஜர் மட்டும் வளையவில்லை.

“என்ன விசேஷம்? கல்யாணமா, காதுகுத்தா?”

“ஜாஸ் கச்சேரி. ஒக்காந்து கேக்கறது.”

“சாப்பாடு?”

“கிடையாது.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “அப்ப யாரு சார் வருவா?”

வந்தார்கள். பாதி மண்டபம் நிறைந்தது. சிலர் சாப்பாட்டுக்கூடத்தை எட்டிப் பார்த்து ஏமாந்து திரும்பி உட்கார்ந்ததையும் நான் மறைக்கவில்லை. முன்வரிசையின் நடுவில் இரும்புக்கடை மச்சான், கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு உருப்படிகள் ஒழுங்காகப் போயின. ஒருவர் கொட்டாவி விட்டார். மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவதில் தவில்காரருக்குத் தனிச் சுற்று. மெதுவாக, பூனை நடப்பதுபோல் வாசித்துக்கொண்டிருந்தார். பித்தளை மாமாவுக்கு அது பிடித்துப்போயிற்று. இன்னொரு சுற்று போகட்டும் என்று நினைத்தார். ஒத்திகையில் ‘இன்னொரு ரவுண்டு’ என்று வாயால் கத்துவது வழக்கம். மேடையில் கத்தினால் மரியாதை இல்லையே என்று, சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டினார்.

கல்யாண மண்டபத்தில் விரலை உயர்த்தி ஆட்டினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். தாலி ஏறுகிறது, கெட்டிமேளம். தவில்காரர் சிறுவயது முதல் அந்த விரலுக்குக் கட்டுப்பட்டவர். மண்டபமே அதிர அடித்தார். இதாவது பரவாயில்லை. பாதி மண்டபமும் தன்னிச்சையாக எழுந்து நின்றது. பலருடைய வலது கை அட்சதை பிடித்ததுபோல் மூடியிருந்தது. முதலில் எழுந்தவர் மச்சான். யார் தலையில் போடுவது என்று தெரியாமல் மேடையில் தேடினார்.

பித்தளை மாமா விரலைச் சட்டென்று மடக்கினார். ஒரு கணம் இரும்புக்கடைக் கல்லாவே அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். பிறகு தவில்காரரைப் பார்த்தார். அந்த வெறிபிடித்த வேகத்தை நிறுத்தச் சொல்லாமல், குழலை வாயில் வைத்து அதன் மேலேயே ஏறிவிட்டார். எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு வீடே பெண்ணை அனுப்பி வைக்கிற சத்தம் அது. கீபோர்டுக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். முடியும்வரை ஒருவரும் உட்காரவில்லை. நிற்கிறோம் என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

கடைசியில் மச்சான் மேடையருகே வந்து தொண்டையைச் செருமினார். “இத எங்க மாமா கத்துக்கினீங்க?”

“இப்பத்தான் மச்சான்.”

“சரி, கடைய நானே பாத்துக்கறேன். நீங்க ஊதுங்க.” பிறகு, தோற்க மனமில்லாமல், “ஆனா ஒக்காந்து கேக்கறதுன்னு சொன்னீங்க, பொய்யாப் போச்சு” என்றார்.

இப்போது அந்த மூவர் குழுவுக்குப் புதுச்சேரியிலும் சென்னையிலும் அழைப்பு. தவில் கெட்டிமேளத்துக்குத் தாவும் இடத்தில் கூட்டம் எழுந்து நிற்பது வழக்கமாகிவிட்டதாம். மாமா மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

அவர் தினமும் ஊதிப் பழகிய எதிர்வீட்டு மொட்டைமாடி மாலை நேரங்களில் அமைதியாக இருக்கிறது. சத்தம் போடுகிறவர்மேல் எங்கே, எப்படி மனு கொடுப்பது என்று எனக்கு அத்துப்படி. இந்த அமைதிக்கு எந்த இலாகா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வருவதாகப் போன் செய்தார். தெருப்பக்கத்து ஜன்னலின் தாழ்ப்பாள் திறக்க வராமல் இறுகிப்போயிருக்கிறது. அவர் வருவதற்குள் எண்ணெய் போட்டு வைக்க வேண்டும்.