பூட்டிய கடையில் செல்லப்பன்

கதவு சாத்தும் சத்தம் கேட்டபோது செல்லப்பன் சாராயப் பீப்பாய்களுக்கு நடுவே குனிந்து, "மச்சான், எழுந்திருடா" என்று ஒரு சாக்கு மூட்டையை உலுக்கிக்கொண்டிருந்தார். அது மச்சான் இல்லை, மூட்டைதான் என்று கைக்குத் தெரிவதற்குள் வெளியே பூட்டு விழுந்துவிட்டது.

குருவிநத்தத்தில் வேறு யார் வேண்டுமானாலும் பக்கிரியின் சாராயக்கடையில் மாட்டிக்கொள்ளலாம். செல்லப்பன் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. இந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியும் கடை அப்படியே இருந்தது. அக்கரை ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டி ஆற்றில் இறங்கி வந்து குடித்துவிட்டுப் போவார்கள். கரையில் நின்று அவர்களுக்குப் புத்தி சொல்வது செல்லப்பனின் வேலை. கரும்பு வெட்டு நடக்கும் நாட்களில்கூட அதை அவர் விட்டதில்லை.

அன்று அவர் மகள் வனஜாவைப் பெண் பார்க்க, கரியமாணிக்கத்திலிருந்து குழந்தைவேலின் வீட்டார் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருவதாக இருந்தது. பிடித்துப் போனால் அப்போதே தாம்பூலம் மாற்றிவிடுவதாகப் பேச்சு. செல்லப்பன் புது வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி சிந்தாமணி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். அவள் தம்பி கண்ணையன் பக்கிரி கடைக்குள் விழுந்து கிடப்பதாக யாரோ சொன்னார்களாம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் மானம் போய்விடும் என்றாள். செல்லப்பன் வேகமாகக் கிளம்பி, பக்கத்துச் சந்து வழியாக யார் கண்ணிலும் படாமல் கடைக்குள் நுழைந்தார். பக்கிரியைக் காணவில்லை. கண்ணையனையும் காணவில்லை.

இப்போது கதவைத் தட்டலாமா என்று யோசித்தார். தட்டினால் ஊர் கூடும். கூடும் ஊர் முதலில் கேட்கப்போவது உள்ளே அவருக்கு என்ன வேலை என்பதைத்தான். தட்டுவதற்கு ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார்.

ஆனால் வீட்டுக்குப் போகாமலும் இருக்க முடியாது. சம்பந்தம் பேசும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவரைத் தவிர வேறு யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் யாராவது குடிப்பதுண்டா என்பது அந்தக் கேள்வி. இதற்கு முன் வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரிடமும் கேட்டார். இருவருமே கொடுத்த காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். மடியில் கனம் இருந்திருக்கிறது, நல்ல வேளை தப்பித்தோம் என்று அவர் சந்தோஷப்பட்டார். சிந்தாமணிதான் ஒரு வாரம் பேசவில்லை.

அவர் பீப்பாய்களுக்கும் கதவுக்கும் இடையே நடந்தார். வேட்டி ஒரு பீப்பாயின் குழாயில் மாட்டிக் கிழிந்தது. கூரை ஓட்டைத் தள்ளிப் பார்க்கலாம் என்று ஒரு பீப்பாய் மேல் ஏறினார். அது உருண்டது. விழுந்து எழுந்தபோது புது வேட்டி முழுக்கச் சாராயம்.

சந்துப் பக்கம் கம்பி போட்ட சிறிய ஜன்னல் ஒன்று இருந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கே போய் நின்றார். அக்கரை ஆள் ஒருவன் தள்ளாடாமல் வந்துகொண்டிருந்தான். அவன் பெயர் உத்திராபதி. வாரம் தவறாமல் செல்லப்பனிடம் புத்தி கேட்டுக்கொள்பவன்.

பக்கிரியைக் கூட்டிவரும்படி செல்லப்பன் மெல்லிய குரலில் கேட்டார். உத்திராபதி ஜன்னலுக்கு உள்ளே மூக்கை நீட்டி முகர்ந்தான்.

"கூட்டியாறேன். மொதல்ல ஒரு கிளாஸ் ஊத்து. தொண்டை காஞ்சிருந்தா கால் நடக்க மாட்டேங்குது."

வேறு வழி தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் செல்லப்பன் ஒரு கிளாஸ் பிடித்து நீட்டினார். அவன் காசை நீட்டினான். அந்தக் காசைத் தொடுவதில்லை என்பது செல்லப்பனின் கொள்கை. வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

அதுதான் தப்பாகப் போயிற்று. உத்திராபதி பக்கிரியைத் தேடிப் போகவில்லை. ஆற்றங்கரைக்கு ஓடி, பக்கிரி கடையில் சும்மா ஊற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டான்.

சற்று நேரத்தில் சந்து நிறைந்துவிட்டது. கிளாஸ், சொம்பு, ஒருவன் கையில் இளநீர்க் குடுக்கை. ஊற்ற முடியாது என்று செல்லப்பன் கையை விரித்ததும் கதவை உதைக்க ஆரம்பித்தார்கள். சத்தம் தெருவரைக்கும் போய்விடும் என்ற பயத்தில் அவர் அவசரமாக ஊற்றினார். ஊற்ற ஊற்ற ஆள் கூடியது. பழக்க தோஷத்தில், இது குடலை அரித்துவிடும் என்று ஒருவனிடம் சொல்லியும்விட்டார்.

அவன் கிளாஸை வாயிலிருந்து எடுத்தான். "இன்னாபா, செல்லப்பண்ணன் கொரலு மாதிரி கீது?"

செல்லப்பன் ஜன்னலை விட்டு ஓர் அடி பின்வாங்கினார்.

"அவரு எதுக்குடா இங்க வரப்போறாரு?" என்றான் பின்னால் நின்றவன். "தள்ளு, என் மொற."

அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவே இல்லை. விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியது. அப்போதுதான் சந்து முனையில் ஒரு கூண்டு வண்டி நின்றது. சரிகைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் இறங்கிவந்தார். கரியமாணிக்கத்துக் குழந்தைவேல். செல்லப்பன் துண்டைக் கண்வரை ஏற்றிக்கொண்டார்.

குழந்தைவேல் முதலில் செல்லப்பன் வீட்டுக்கு வழிதான் கேட்டார். நாலைந்து கைகள் ஒரே திசையைக் காட்டின. பிறகு அவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். பெண்கள் திரைக்குள் இருந்தார்கள். ஜன்னலுக்கு நெருங்கிவந்து குரலைத் தாழ்த்தினார்.

"தாராளமாவே ஊத்துப்பா. நான் போற வூட்டுல இதைப் பேச்சுக்குக்கூட எடுக்க முடியாதாம்."

கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. செல்லப்பன் கிளாஸ் வழிய வழிய ஊற்றினார், பேசாமல். பெரியவர் ஒரே மூச்சில் குடித்து, ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்தபடி வண்டி ஏறினார். வண்டி செல்லப்பன் வீட்டுப் பக்கம் திரும்பியது.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. மானம் போனால் போகட்டும் என்று கதவை இரண்டு கையாலும் குத்தினார். தன் பெயரைச் சொல்லிக் கத்தினார். சந்தில் நின்றவர்களுக்கு அது பிரமாதமான வேடிக்கையாக இருந்தது. செல்லப்பண்ணன் மாதிரியே பேசுகிறான் என்று கைதட்டினார்கள். இன்னொரு தடவை பேசிக் காட்டச் சொன்னார்கள். சிலர் கதவிலேயே தாளம் போட்டுப் பாடினார்கள். தொண்டை கட்டும்வரை அவர் கத்தினார். பீப்பாய் தீர்ந்ததும் ஒவ்வொருவராகக் கலைந்து ஆற்றுப் பக்கம் போனார்கள்.

செல்லப்பன் தரையில் உட்கார்ந்திருந்தபோது பூட்டுத் திறந்தது. கையில் அரிக்கேன் விளக்கோடு பக்கிரி. அவன் வாய் நிறைய வெற்றிலை. காலிப் பீப்பாயைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

செல்லப்பன் பாய்ந்து எழுந்தார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் பூட்டலாமா, தன் பெண்ணின் வாழ்க்கையே கெட்டுப்போய்விடுமே என்று கட்டிய தொண்டையால் திட்டினார். வழியை விடு, போய் அந்தச் சம்பந்தத்தை நிறுத்த வேண்டும் என்றார்.

"அந்த ஆளு குடிக்கிறாரு. என் கண்ணால பார்த்தேன்."

"எங்க பார்த்தீங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

செல்லப்பன் குனிந்து கிழிந்த வேட்டியைப் பார்த்தார். அதன் வாசனை அவருக்கே அடித்தது. வாசலுக்கு எடுத்துவைத்த காலைப் பின்னால் வைத்தார்.

பக்கிரி மடியிலிருந்து இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும் எடுத்து, மரியாதையாக அவர் கையில் வைத்தான்.

"நிச்சயத் தாம்பூலம், அண்ணே. வந்த ரெண்டு எடமும் அவரு வாயாலதான் போச்சு, தம்பி பேரைச் சொல்லி அவரை அங்க அனுப்பறேன், இது முடியற வரைக்கும் ஆளை உள்ளயே வெச்சிருன்னு உங்க வூட்டம்மாதான் காலைலயே சொல்லி அனுப்பிச்சாங்க."