கோடாலிக்காரன் வராத மூன்றாம் பாகம்

ஒரு காட்டில் ஒரு டென்ட் கொட்டகை இருந்தது. காட்டுக்கு எதற்குக் கொட்டகை என்று கேட்கக் கூடாது. கரடி வைத்திருந்தது. அவ்வளவுதான்.

அங்கே 'கோடாலிக்காரன்' என்ற படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. முகமூடிக்காரன் ஒருவன் வருவான், போட்டுத் தள்ளுவான். அதுதான் கதை. அவன் வருவதற்கு முன் உடுக்கைச் சத்தம் கேட்கும். உடனே மிருகங்கள் எல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். சத்தம் நின்றால்தான் திறக்கும். அந்தக் காட்டு வழக்கம் அது.

திறந்து பார்த்தால் சில இடங்கள் காலியாக இருக்கும்.

"பயந்து எந்திரிச்சு ஓடிட்டாங்கப்பா. படம்னா இது படம்!" என்று குரங்கு கை தட்டும்.

முயல் மாசாணம் மட்டும் ஒருமுறை காதிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டது. பின்வரிசையில் சிறுத்தை வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாகத்திலும் அதே உடுக்கை, அதே காலி இடம். மூன்றாம் பாகம் எடுத்தவனுக்கு என்ன கிறுக்கோ, கோடாலிக்காரனே வரவில்லை. உடுக்கையும் இல்லை. ஒருவர் குடை ரிப்பேர் செய்கிறார். கடைசிவரை அதையேதான் செய்கிறார். இதோ வருவான், இதோ வருவான் என்று எல்லாம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தன. வெளியே வந்து காறித் துப்பின.

ஆனால் உள்ளே போனவை எல்லாம் வெளியே வந்தன. அதை முயல் கவனித்தது.

திருவிழா வந்தது. ஒரு பாகம்தான் போடுவேன், எது வேண்டும் என்று கேட்டது கரடி. முயலின் பெண்டாட்டி பூவாயி குட்டிகளோடு புறப்பட்டு நின்றது. போகாதே என்றால் கேட்கிற ஜாதி இல்லை.

"மூணாவது போடுங்க," என்றது முயல்.

"ஏலே மாசாணம், மூளை கழண்டுபோச்சா?" என்றது குரங்கு. "குடை ரிப்பேரை எவன் பார்ப்பான்?"

முயல் உண்மையைச் சொல்ல வாயெடுத்தது. பக்கத்தில் சிறுத்தை நின்றது.

"அதுல... கேமரா நல்லா இருக்கு."

"அப்புறம்?"

"அந்தக் குடைக்காரர் பேசாமலே இருக்காரு பாரு. மனசை என்னமோ பண்ணுது."

"படத்துல உசுரே இல்லையே தம்பி," என்றது சிறுத்தை.

"இருக்குங்கய்யா. எல்லார் உசுரும் அப்படியே இருக்கு."

பொழுது சாயும்வரை முயல் கேமராவைப் பற்றியே பேசியது. கரடிக்குத் தலை வலித்தது.

"சரி, மூணாவதையே போட்டுத் தொலைக்கிறேன். வாயை மூடு."

முயல் ஒன்றை யோசிக்கவில்லை. போன தடவை, அவன் வருவான் என்று விழித்திருந்தன. இந்தத் தடவை வரமாட்டான் என்று தெரியும். குடைக்காரர் இரண்டாவது கம்பியை நிமிர்த்துவதற்குள் கொட்டகை முழுக்கக் குறட்டை.

முயல் பெண்டாட்டியையும் குட்டிகளையும் கிள்ளிக்கொண்டே இருந்தது.

"மனுஷியைத் தூங்கக்கூட விடமாட்டியா?"

"பாருடி. நல்ல இடம் வருது."

விளக்கு எரிந்தது. குரங்கின் இடம் காலி. பக்கத்து இடம் காலி. அந்த வரிசையே காலி.

சிறுத்தை வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தது. கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு நீ சொன்னது எனக்குப் புரியலப்பா. என்ன மாதிரி படம்! நடுவுல தொந்தரவே இல்ல. நிதானமா ரசிச்சேன்."

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் மூன்றாம் பாகத்தைக் குறை சொல்ல ஆளில்லை.

நீதி: ஓடாத படத்தைக் காப்பாற்ற ரசிகர்கள் பெருக வேண்டாம். பிடிக்காதவர்கள் குறைந்தால் போதும்.