வென்றவர்கள் பாடிய பாட்டு

ஒரு காட்டில், அதுவும் ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒரு காட்டில், செம்மண் ஓடை கால்பந்துச் சங்கம் என்று ஒன்று இருந்தது. சிங்கராஜா எங்கே என்று கேட்காதீர்கள், அந்தப் பக்கம் சிங்கம் கிடையாது. ராஜா இல்லாத இடத்தில் செயலாளர் இருப்பார். இங்கே செயலாளர் ஒரு பெண் வாம்பட். குட்டையாக, குண்டாக, கரடிக்குட்டி போல இருக்கும். எந்நேரமும் வளை தோண்டும் பிராணி. அதன் முப்பாட்டன் தோண்டிய குழிகளில்தான் மைதானத்தின் முதல் கம்பங்கள் நின்றன. சங்கத்தின் வரலாறு அந்தக் குழிகளிலிருந்து தொடங்குகிறது.

அவர்கள் ஆடும் கால்பந்தும் நமக்குத் தெரிந்தது அல்ல. பந்து முட்டை வடிவம். கையால் பிடிக்கலாம், அடுத்தவன் தோளில் ஏறியும் பிடிக்கலாம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் இரண்டுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்துச் சந்தில் போனாலும், பாவம், முயற்சி செய்தானே என்று ஒரு புள்ளி கொடுத்துவிடுவார்கள். இவ்வளவு இரக்கமுள்ள விளையாட்டிலும் செம்மண் ஓடை இருபத்தாறு வருடமாக ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

அந்தக் காட்டில் இருந்ததே இரண்டு சங்கங்கள்தான். செம்மண் ஓடைக்கு ஆடியவை கங்காருக்கள். இன்னொரு சங்கம் மேட்டுக்காடு. அதில் ஆடியவை டிங்கோ என்னும் காட்டுநாய்கள். வாராவாரம் அவைதான் ஜெயிக்கும். ஜெயித்தவர்கள் உடை மாற்றும் அறையில் வட்டமாக நின்று, தோளில் கைபோட்டு, தங்கள் சங்கப் பாட்டைப் பாட வேண்டும் என்பது மரபு. தோற்றவர்கள் தங்கள் பாட்டைப் பாடவே கூடாது. ஒத்திகை பார்த்தாலும் அபசகுனம். ஆகவே செம்மண் ஓடையின் பாட்டு ஒரு காகிதத்தில், அந்தக் காகிதம் ஒரு பிஸ்கட் டப்பாவில், அந்த டப்பா வாம்பட்டின் வளைக்குள் இருந்தது. அதைப் பாடிய வாய்கள் எல்லாம் செத்துப்போய்விட்டன.

ஒருநாள் காட்டு விளையாட்டுக் கழகத்திலிருந்து ஈமு வந்தது. ஈமு என்றால் நெருப்புக்கோழிக்குத் தூரத்து உறவு. கழகத்தில் குமாஸ்தா.

"செயலாளரம்மா, வர்ற சனிக்கிழமையும் தோத்தீங்கன்னா உங்க சங்கத்த மேட்டுக்காட்டோட இணைச்சுருவாங்க. பேரு போயிடும், சட்டை போயிடும். மனசத் தேத்திக்கோங்க" என்றது.

"பாட்டு?"

"அதுவுந்தான்."

பேர் போனால் போகட்டும், சட்டை போனால் போகட்டும். தன் காதால் ஒரு முறையாவது அந்தப் பாட்டைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் வாம்பட்டின் ஆசை. அணித் தலைவரான கங்காருவிடம் போய், "கேப்டன், ஒரே ஒரு தடவை. எனக்காக" என்று கெஞ்சியது.

"பாக்கலாம்மா" என்றது கங்காரு. இருபத்தாறு வருடமாகச் சொல்லிவந்த அதே பதில்.

சனிக்கிழமை வந்தது. கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் நாற்பத்தொன்று. கங்காரு ஒரு டிங்கோவின் தோளில் ஏறிப் பந்தைப் பிடித்ததும் ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. பிடித்தவர் ஒரு உதை உதைக்கலாம் என்பது விதி. கங்காரு நடுக்கம்பங்களைப் பார்த்து உதைத்தது. பந்து பக்கத்துச் சந்தில் போய் விழுந்தது. இரக்கப் புள்ளி ஒன்று. நாற்பத்திரண்டு!

குறி தவறி ஜெயித்துவிட்டார்கள். வாம்பட் அழுதுகொண்டே வளைக்கு ஓடியது. டப்பா துருவேறியிருந்தது. மூடி வருவேனா என்றது.

உடை மாற்றும் அறையில் கங்காருக்கள் வட்டமாக நின்றன. சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? யாரோ ஒருவர் வாயைத் திறந்தார். அவ்வளவுதான், மற்ற எல்லோரும் கூரை அதிரச் சேர்ந்துகொண்டார்கள்.

"மேட்டுக்காடு! மேட்டுக்காடு! மோதிப் பார்த்தா மூக்குடையும்!"

அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். இருபத்தாறு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட பாட்டு அது ஒன்றுதான். வேறு எந்தப் பாட்டு வரும்?

வெளியே ஈமு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. அந்தப் படிவத்தில் புள்ளிகளுக்குக் கட்டம் இல்லை. புள்ளியை மாற்றி எழுதலாம், ஆனால் தோற்றவன் வாயில் பாட்டு வராது என்று முன்னோர்கள் ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருந்தார்கள்: 'எந்தச் சங்கத்தின் பாட்டு கேட்டது?' ஈமு 'மேட்டுக்காடு' என்று மையால் எழுதி முத்திரையும் குத்திவிட்டது.

வாம்பட் காகிதத்தோடு மூச்சிரைக்க வந்தது. "சார், நாங்கதான் ஜெயிச்சோம்!"

"நான் காதால கேட்டேன்மா."

டிங்கோத் தலைவரும் வந்து, "சார், நெசமாவே நாங்க தோத்துட்டோம்" என்றார். நல்ல மனுஷன், நாயாக இருந்தாலும்.

"இருக்கலாம். ஆனா கட்டம் நிரம்பிருச்சே" என்றது ஈமு.

வாம்பட் அங்கேயே நின்று காகிதத்தைப் பிரித்து, நடுங்கும் குரலில் தனியாகப் பாடியது. மெட்டு தெரியாது, ஆகவே படித்தது என்றே சொல்லலாம். ஈமு முழுவதையும் பொறுமையாகக் கேட்டது. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு இணைப்புப் படிவத்தை நீட்டியது.

இணைப்புக்குப் பிறகு காட்டில் ஒரே சங்கம். எதிரணி இல்லாததால் வாராவாரம் வெற்றி, வாராவாரம் பாட்டு. வாம்பட் இணைச் செயலாளர். முதல் வாரம் அது வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் அதன் கால் தாளம் போட்டது. மூன்றாம் வாரம் டிங்கோக்களே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, ஒரு சொல் தப்பாமல் பாடியது. அதன் கண்ணில் தண்ணீர் வந்ததை எல்லோரும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நீதி: தோற்கிற காலத்திலேயே எதிரியின் பாட்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இணைப்பு விழா அன்று ஒத்திகை மிச்சம்.