சாராயக் கணக்கு

சாராயத்தின் ருசி எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை எங்கள் உறவுக்காரர்களில் யார் எவ்வளவு குடிப்பார்கள் என்பது ஒரு காலத்தில் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவினால் அக்காவின் கல்யாணமே குழம்பப் பார்த்தது.

யுத்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது, கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு மறுநாள், தெஹிவளையில் மாப்பிள்ளை வீட்டில் ஆண்களுக்கு ஒரு பார்ட்டி. செலவு எங்களுடையது. எத்தனை போத்தல் வேண்டும் என்று பார்க்கும் பொறுப்பை அப்பா என்னிடம் தந்தார். (குடிக்காதவன் கையில் கொடுத்தால் சாமான் குறையாது என்று நினைத்திருப்பார்.) குறைந்துபோனால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போகும். மிஞ்சினால் அப்பா தலையில் கைவைப்பார்.

புத்தியுள்ளவன் குத்துமதிப்பாக வாங்கியிருப்பான். நான் வீடு வீடாகப் போய் இரகசியமாக விசாரித்தேன். அம்மா கண்ணில் பட்டாலும் விளங்கக்கூடாது என்று சாராயத்துக்கு ‘சா’, விஸ்கிக்கு ‘வி’, பியருக்கு ‘பி’ என்று குறியீடு வைத்தேன். பக்கத்தில் அளவு, விலாசம். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு நிரல். முதல் பெயர் மாப்பிள்ளையின் அப்பா, குணரத்தினம் மாமா. நெற்றி நிறையத் திருநீறு பூசும் மனிதர். பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் தொடாதவர் என்று பெயர். குளியலறை வாசலில் வைத்து என் காதுக்குள் அரைப் போத்தல் என்றார். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றார். பெயரில்லாமல் கணக்கு எழுதுவது எப்படி? எழுதினேன்.

அடுத்த நாள் போத்தல்கள் வாங்கப் போகும்போது காலி வீதியில் பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லோரையும் சோதனைக்கு இறக்கினார்கள். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தேன். பட்டியலும் கூடவே வந்து விழுந்தது.

பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் அதை வாசித்து, நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த பெரியவருக்குச் சிங்களத்தில் சொன்னார். முப்பத்தாறு தமிழ்ப் பெயர்கள், விலாசங்களுடன்.

“சா எண்டா என்ன? சாவா?” என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவருடைய கண் என் சித்தப்பாவின் பெயருக்கு நேரே இருந்த குறிப்புக்குப் போய்விட்டது. ‘மூன்றுக்கு மேல் போனால் வெடிப்பார்.’

பயத்தில் எனக்குத் தமிழும் வரவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்குவதற்கு மட்டும் போதுமானது. ஆகவே கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய்க் குடிப்பதுபோல் காட்டினேன். இரண்டு பேர் பாய்ந்து என் கையைப் பிடித்தார்கள். (அந்தக் காலத்தில் பிடிபடும் இயக்கக்காரர்கள் வாயில் போட்டுக் கடிப்பதற்குச் சயனைட் குப்பி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.)

சுவரோரம் ஒரு நீள மரவாங்கில் இருத்தினார்கள். அப்படி இருத்தப்பட்டு மாதக்கணக்கில் திரும்பாதவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. அக்காவின் கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. நாக்கு ஒருவழியாகத் திரும்பியதும் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் நம்பவில்லை. முதல் பெயருக்குரிய ஆளைக் கூப்பிட்டுக் கேட்போம் என்று தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

மாமா வந்தார். தனியாக விட மனமில்லாமல் மாமியும் கூடவே வந்திருந்தார்.

கான்ஸ்டபிள் மரியாதையாகத்தான் கேட்டார். “ஐயா, நீங்க அரைப் போத்தல் சாராயம் குடிப்பீங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். மேசையில் கிடந்த பட்டியலைப் பார்த்தார். மாமி நின்ற பக்கம் மட்டும் திரும்பவில்லை. இல்லை என்று சொன்னால் அவருடைய பெயர் தப்பும். நான் உள்ளே போவேன். திருநீறு வேர்வையில் கரைந்து மூக்குக்கு வந்துவிட்டது.

“ஓம்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா அரை இல்லை. கால்தான்.”

கான்ஸ்டபிளின் முகம் மாறியது. “அப்ப இதில எழுதியிருக்கிறது பொய்யோ?”

அப்போதுதான் மாமி வாய் திறந்தார்.

“அரைதான் தம்பி. முப்பது வருசமா வெறும் போத்தலைக் கொண்டுபோய் எறியிறது நான்தான்.”

அதைச் சிங்களத்தில் கேட்ட பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். என்னைப் போகச் சொல்லிவிட்டு, பட்டியலை இன்னொருமுறை பார்த்து ஏதோ சொன்னார். சோடா காணாது, இன்னும் வாங்கச் சொல்கிறார் என்றார் கான்ஸ்டபிள். பட்டியலைத் திருப்பித் தரவில்லை. கோப்பில் போட வேண்டுமாம்.

பட்டியல் பொலிஸ் கோப்பில் கிடக்கிற செய்தி எனக்கு முன்னால் வெள்ளவத்தைக்குப் போய்விட்டது. பார்ட்டியில் பட்டியலிலிருந்த மற்ற முப்பத்தைந்து பேரும் ஆளுக்கொரு சோடாவுடன் சுவரோரம் நின்றார்கள். பெரியவர் சொன்னது சரி, சோடா காணவில்லை. பட்டியலில் இல்லாத மூன்று பேர், தங்களை ஏன் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனார்கள். குணரத்தினம் மாமா மட்டும் மாமிக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து நிதானமாகக் குடித்தார்.

மாமா போய்ப் பல வருடமாகிவிட்டது. மாமி இப்போது கனடாவில், அக்காவோடு இருக்கிறார். நான் அங்கே போகும்போதெல்லாம் வீட்டுக்கு வந்திருப்பவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவது அவர்தான். மருமகளின் தம்பி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

“என்ர மனுசனை எனக்கு முன்னால உண்மை கதைக்க வைச்ச ஒரே ஆள்,” என்பார். “அதுவும் பாதி உண்மைதான்.”