ரைட்டர் விற்ற வாள்

முதலாளி வர இன்னும் இருபத்தேழு மணி நேரம் இருந்தபோது, ஆபீஸ் கணக்கெழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் கம்ப்யூட்டரைத் துடைத்தார்.

அது அவர் வேலை இல்லை. கொட்டச்சேட்டுக் காப்பி எஸ்டேட் ஆபீஸில் அந்த அறைக்குள் நுழைய இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து வரும் முதலாளிக்கு. தினமும் காலையும் மாலையும் பெருக்கித் துடைக்கும் வெள்ளையம்மாளுக்கு. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் செருப்பை வாசலில் விட வேண்டும். கதவுக்குப் பின்னால் கனமான திரைச்சீலை. பிப்ரவரிக் குளிரிலும் ஓடும் ஓர் ஏசி.

கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து எஸ்டேட்டில் வாங்கினார்கள், அதனால் இங்கேயும் வாங்கினார்கள். இதுவரை அதில் ஒரு கடிதம்கூட அடித்ததில்லை.

"எவனாவது தொட்டான்னா அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிருவேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். குவார்ட்டர்ஸ் போனால் மனைவி சாந்தாமேரி தன் அண்ணன் வீட்டுக்குப் போவாள். ஸ்தனிஸ்லாஸும் அங்கேதான் போக வேண்டும். அந்த அண்ணனோடு அவர் பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது.

ஆனால் நாளை மத்தியானம் பெங்களூர்ச் சம்பந்தியோடு வருவதாக முதலாளி போன் செய்துவிட்டார். சம்பந்திக்குக் கம்ப்யூட்டரைக் காட்ட வேண்டுமாம். வெள்ளையம்மாளோ மஞ்சக்குட்டையில் தம்பி பேத்திக்குக் காதுகுத்து என்று ஒரு நாள் லீவில் போயிருந்தாள். சாவியைக் கொடுக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

"தூசி இருந்தா இருந்துட்டுப் போகட்டுமுங்க ரைட்டரய்யா. நாளைக்கு வந்து நான் பாத்துக்கறேன். நீங்க மட்டும் கை வெச்சறாதீங்க."

வேலையில் இத்தனை அக்கறை உள்ளவர்கள் குறைவு என்று ஸ்தனிஸ்லாஸ் நினைத்துக்கொண்டார். இருந்தாலும் மனம் கேட்காமல் துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு போனார்.

கீபோர்டில் துணி பட்டதும் கம்ப்யூட்டர் திரை விழித்துக்கொண்டது. இரும்புக் கவசம் போட்ட ஓர் ஆள் ஒரு கடையில் நின்றான். இடது கையில் கேடயம். வலது கையில் தங்கப்பிடி போட்ட வாள். எதிரே தாடி வைத்த கடைக்காரன்.

பாதியில் நிறுத்தினால் தப்பாகிவிடும் என்று அவர் கடைசி வரிசைவரை துடைத்தார். 'டங்' என்று சத்தம் வந்தது. இப்போது வாள் அந்த ஆளின் கையில் இல்லை. கடைக்காரனுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது.

ஸ்தனிஸ்லாஸ் டைப்பிஸ்ட் அமலியைக் கூப்பிட்டார். அமலி பி.எஸ்ஸி. பௌதிகம். கேட்டால் மட்டும் பேசுவாள்.

"என்னம்மா போட்டிருக்குது?"

"'நன்றி, மீண்டும் வருக'ன்னு போட்டிருக்குங்க சார்."

"யாருக்கு நன்றி?"

"நமக்குத்தாங்க. வாளை வித்துட்டோமுங்க."

"நாம எப்ப வித்தோம்?"

"நீங்க துடைச்சப்பங்க."

ஸ்தனிஸ்லாஸ் துணியைப் பார்த்தார்.

"இது விளையாட்டுங்க சார். காலேஜ் லேப்ல பசங்க ஆடுவாங்க."

"நீ ஆடியிருக்கியா?"

"பின்னால நின்னு பாத்திருக்கேனுங்க."

அமலி திரைக்குப் பக்கத்தில் குனிந்து படித்தாள். அந்த ஆள் நாற்பத்தோராவது கட்டத்தில் இருந்தான். அங்கே வர மூன்று மாதமாவது ஆகியிருக்கும் என்றாள். பேர் கேட்ட இடத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் ஐந்து முறை அடித்திருந்தது.

"பேரு வெக்கறதுக்குக்கூட நேரமில்லை" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "பெரிய மனுசங்க அப்படித்தான்."

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் முதலாளி இந்த அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் இருப்பார். 'எஸ்டேட் விசயம், கூப்பிடாதீங்க' என்பார். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும்.

"அந்த வாளைத் திருப்பி வாங்கு."

"மூணு மடங்கு கேக்கறாருங்க சார்."

"துடைக்கும்போது வித்ததுன்னு சொல்லு."

"சொல்றதுக்குப் பட்டன் இல்லீங்க."

கையிலிருந்த காசுக்குக் கடைக்காரன் மூன்று வாள்களைக் காட்டினான். மூன்றும் ஒற்றைக் கை வாள்கள். ஒன்று நீளம், மெலிசு. ஒன்று குட்டை, அகலம். ஒன்று வளைந்தது. மூன்றில் சிறந்ததை வாங்கி அந்த ஆளின் கையில் கொடுத்துவிட்டால் முதலாளி சட்டென்று கவனிக்க மாட்டார் என்று ஸ்தனிஸ்லாஸ் கணித்தார்.

அமலி ஒரு தாளில் மூன்றின் எடையையும் வீசும் வேகத்தையும் எழுதி, பெருக்கிப் பார்த்தாள்.

"எதும்மா நல்லது?"

"மூணும் ஒண்ணுதாங்க."

படிப்பு உதவவில்லை. கத்தி பிடித்துப் பழகிய ஆள் வேண்டும். ஸ்தனிஸ்லாஸ் மேஸ்திரி ஐயாக்கண்ணுவைக் கூப்பிட்டனுப்பினார். இருபது வருஷமாகக் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். கிளை வெட்டும் கத்தியைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் கரடியூர்வரை இல்லை.

ஐயாக்கண்ணு செருப்பை விட்டு, காலைத் தட்டி, உள்ளே வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இடது கையில என்னத்தைப் புடிச்சிருக்கறாரு?"

"கேடயமுங்க" என்றாள் அமலி.

"அப்பக் கிளையை எந்தக் கையில வளைப்பாரு?"

"கிளை இல்லீங்க. ராட்சசனை வெட்டோணும்."

"ராட்சசனையும் புடிச்சு வளைச்சுத்தான் வெட்டோணும் கண்ணு. சும்மா வீசுனா நார் கிழிஞ்சு தொங்கும். மழைத் தண்ணி எறங்கி அழுகிப்போகும்." அவர் விரலை நீட்டினார். "அந்த வளைஞ்சதை வாங்குங்க. இழுத்து அறுக்கலாம்."

வளைந்த வாளை வாங்கினார்கள். சரிதானா என்று பார்க்காமல் விடக் கூடாது என்றார் ஸ்தனிஸ்லாஸ். அந்த ஆளை அமலி ஊருக்கு வெளியே நடத்திப்போனாள். பச்சையாக ஒரு பெரிய பல்லி வந்தது. வாள் எட்டவில்லை. பல்லி எட்டியது. பாதி உயிர் போய்விட்டது.

"கால் ஊனி நிக்கத் தெரியல" என்றார் ஐயாக்கண்ணு. "கத்தி மேல குத்தமில்லீங்க."

அந்த நேரம் கறிக்கடை ரஹமத்துல்லா சம்பந்தி விருந்துக்கு எத்தனை கிலோ என்று கேட்க வந்தார். வாசலில் மூன்று ஜோடிச் செருப்பைப் பார்த்துத் தானும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, அது என்னுங்க உருப்படி?"

"பல்லிங்களாம்."

ரஹமத்துல்லா கண்ணை இடுக்கினார். "தோலைப் பாருங்க. எருமைத் தோலு. இதுக்குப் போயி இந்த அருவாமனையை வாங்கிக் குடுத்தது யாரு?"

ஐயாக்கண்ணு வேறு பக்கம் பார்த்தார்.

"அந்தக் குட்டை அகலக் கத்தியை எடுங்க. கத்தி தன் கனத்துலயே எறங்கோணும். நாம அமுக்கக் கூடாது. மூட்டு பாத்து ஒரே போடு."

அந்த ஆளை மறுபடி கடைக்கு ஓட்டினார்கள். வளைந்த வாளைக் கடைக்காரன் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொண்டான். காசு போதவில்லை.

"கேடயத்தை வித்தாச் சரியாப்போகுமுங்க" என்றாள் அமலி.

"வித்துப்போடு கண்ணு" என்றார் ரஹமத்துல்லா. "முப்பது வருசமாக் கறி போடறேன். ஒரு நாளு கேடயம் புடிச்சதில்லை."

விற்றார்கள். அகல வாளோடு அந்த ஆள் வெளியே போனான். வாளைத் தலைக்கு மேல் தூக்குவதற்கே அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. தூக்கி முடிப்பதற்குள் ஒரு வௌவால் கடித்தது. இறக்குவதற்குள் இன்னொன்று கடித்தது.

"மூட்டு, மூட்டு!" என்று ரஹமத்துல்லா கத்தினார்.

"வௌவாலுக்கு எங்கீங்க மூட்டு?" என்றார் ஐயாக்கண்ணு.

அந்த ஆள் முகம் குப்புற விழுந்தான். மெல்லிய சோக இசை வந்தது. ஐயாக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்தார். ரஹமத்துல்லா ஒரு நிமிடம் கண்ணை மூடினார். ஸ்தனிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இல்லீங்க. எந்திரிச்சிருவாரு" என்றாள் அமலி.

எழுந்தான். ஒரு கோயில் வாசலில் எழுந்தான். ஆனால் உயிர் கொடுத்ததற்குக் காணிக்கையாகக் கவசம், காலணி, அகல வாள் எல்லாவற்றையும் கோயிலில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் ஒரு துணி மட்டும் இருந்தது. மிச்சக் காசுக்குக் கடைக்காரன் ஒரே ஒரு ஒற்றைக் கை ஆயுதத்தைத்தான் காட்டினான்.

"என்ன அது?"

"காளான் வெட்டற கத்திங்க சார்."

அதை வாங்கினார்கள். நால்வரும் எட்ட நின்று பார்த்தார்கள்.

"கைக்கு எடுப்பாத்தான் இருக்குது" என்றார் ஐயாக்கண்ணு.

"அணைச்சுப் போட்டு மறுபடி போட்டா?" என்று கேட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

அமலி அணைத்தாள். போட்டாள். இடுப்புத் துணியோடும் காளான் கத்தியோடும் அந்த ஆள் அதே இடத்தில் நின்றான்.

"நடந்ததெல்லாம் அதுவே எழுதி வெச்சுக்கிச்சுங்க சார்" என்றாள் மிகவும் மெதுவாக.

ரஹமத்துல்லா செருப்பை மாட்டிக்கொண்டே, "கறி எத்தனை கிலோன்னு சொல்லவே இல்லையே ரைட்டரே" என்றார்.

ஸ்தனிஸ்லாஸ் கதவைச் சாத்தினார். விருந்துவரை தான் இந்த எஸ்டேட்டில் இருப்போமா என்பதே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய், "உங்க அண்ணன் ஊட்டுல மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்குமே, அது இப்பவும் காலியாத்தான் இருக்குதா?" என்று கேட்டார்.

"பதினொரு வருசங்கழிச்சு இப்ப எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் சாந்தாமேரி.

"சும்மாத்தான்."

மறுநாள் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு முதலாளியின் கார் வந்தது. சம்பந்தியைப் பங்களாவில் காப்பி குடிக்க விட்டுவிட்டு அவர் மட்டும் ஆபீஸுக்கு வந்தார். ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்று ஒரு கடிதத்தை நீட்டினார். காலையில் அவர் சொல்லச் சொல்ல அமலி மூன்று முறை திருத்தி அடித்தது.

முதலாளி சத்தமாகவே படித்தார். "'ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகள் உண்மையாக உழைத்த அடியேன், நேற்றுக் காலை ஒன்பது மணியளவில் ஈரத்துணியின் காரணமாகத் தங்களுடைய தங்கப்பிடி வாளை விற்றுவிட்டேன்.'" அவர் நிமிர்ந்தார். "எங்கிட்ட ஏதுய்யா வாளு?"

"உள்ள வந்து பாருங்க."

செருப்பை விட்டு இருவரும் உள்ளே போனார்கள். முதலாளி திரைக்கு முன்னால் குனிந்தார்.

"யாருய்யா இது, கோவணத்தோட?"

"நீங்கதானுங்க."

"நானா?"

"நேத்துக் காலையில நல்லா கவசமெல்லாம் போட்டுட்டுத்தானுங்க இருந்தீங்க. நாங்கதான்…" ஸ்தனிஸ்லாஸ் கைகளைக் கட்டிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்க பாடுபட்டுச் சேத்ததையெல்லாம் ஒரே நாளுல அழிச்சுப்போட்டமுங்க."

முதலாளி திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். திரைச்சீலையையும் இழுத்துவிட்டார்.

"ஸ்தனிஸ்லாசு. வெளிய எங்கயும் சொல்லிறாதீங்க."

"சொல்லமாட்டனுங்க."

"எனக்கு இதை எங்க அமுக்கிப் பத்தவெக்கறதுன்னே தெரியாது."

முதலாளி ஏசிக்குக் கீழே இருந்த தரையைக் காட்டினார்.

"ஊட்டுல ஞாயித்துக்கிழமையான்னா எட்டுப் பேரு உக்காந்து டீவி பாக்கறாங்க. கண்ணை மூட முடியறதில்லை. இங்க வந்து கீழ ஒரு துண்டை விரிச்சுத் தூங்கறேன். யாரும் உள்ள வந்துறக் கூடாதுன்னுதான் தொட்டா அனுப்பிருவேன்னு சொல்லிவெச்சேன்." கடிதத்தை நான்காகக் கிழித்து ஸ்தனிஸ்லாஸின் சட்டைப் பையில் போட்டார். "போயி வேலையைப் பாருங்க."

ஸ்தனிஸ்லாஸ் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். வேலை இருந்தது. குவார்ட்டர்ஸ் இருந்தது. மச்சானோடு பேசாமலே இன்னொரு பதினொரு வருஷம் ஓட்டலாம்.

"ஆமா" என்றார் முதலாளி, மறுபடி திரையைப் பார்த்து. "அப்ப இவன் யாரோட ஆளு?"

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறப்பதற்குள் வெளியே ரப்பர் செருப்புக் கழலும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெள்ளையம்மாள் வந்தாள். கழுத்தில் காதுகுத்துச் சந்தனம் இன்னும் அழியவில்லை. கையில் விளக்குமாறு. முதலாளி நிற்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் தோளுக்கு மேலாகக் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். இடுப்புத் துணியை, காளான் கத்தியை, வெறும் காலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

விளக்குமாற்றை மெதுவாகச் சுவரில் சாத்தினாள்.

"மூணு மாசம் ஒத்தையாளா மல்லுக்கட்டி அந்தத் தங்கப்புடிக் கத்தியை வாங்குனனுங்க ரைட்டரய்யா, அதை வித்தது எந்தக் கைங்க?"