பதினைந்து கிலோ

பையின் சிப் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. குணரத்தினம் முழங்காலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதோ நொறுங்கியது.

"ஐயோ, அது பருத்தித்துறை வடை! மெல்லமப்பா!" குசினியிலிருந்து மனைவி நேசமலர் கத்தினாள்.

மலைக்குள்ளே குதிரைக்காரர்கள் போகும் நெடும்பாதையில் ஆறு நாள் நடக்க வேண்டும். அது அவருடைய ஐந்து வருஷ ஆசை. பை பதினைந்து கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அவர் தம் முழங்கால்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம். மனைவியும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தார்.

"நடந்து வர எனக்கென்ன விசரோ?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

தனியாகப் போக அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் குடியிருக்கும் வெரிபீ ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று, இனி மானப் பிரச்சினை!

தராசு பதினெட்டு காட்டியது.

"சோத்துப் பார்சலை எடும். சரியான பாரம்."

"ஓம்," என்று நல்ல பிள்ளையாக எடுத்தாள். பதிலுக்கு வறுத்த புட்டுமாவும் அதை அவிக்க நீத்துப்பெட்டியும் சின்ன அடுப்பும் வைத்தாள். இருபது.

"பை சின்னன், காணாது போல," என்று அவரே வாயைக் கொடுத்தார். மறுநாள் பெரிய பை வந்தது. இடம் சும்மா கிடக்கிறதே என்று இரண்டாவது தலையணையும் உள்ளே போனது.

"எனக்கு ஒரு தலைதானே?"

"ஒண்டு நனைஞ்சால்?"

"இதென்ன, மூண்டு கிலோ கரட்?"

"கண்ணுக்கு நல்லது."

"நானென்ன முயலோ?"

நேசமலர் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக, சனிக்கிழமை யோகா வகுப்புக்குப் போய்வந்தால் அவளுக்கு இந்த நோவுதான். பாவம் என்று அவர் ஒன்றும் கேட்பதில்லை.

தராசு இப்போது இருபத்தாறு. இதற்கு மேல் தாங்காது. பொதி சுமக்க ஒரு குதிரையையாவது வாடகைக்கு எடுப்போம் என்று மலையடிவாரக் குதிரைப் பண்ணைக்குப் போன் போட்டார். போனை எடுத்தவள் அங்கே பகுதிநேர வேலை செய்யும் ஹரிப்பிரியா என்ற மாணவி. அவர் பெயரைக் கேட்டதும் குதூகலமாகத் தமிழுக்கு மாறினாள்.

"நேசமலர் மேடம் வீட்டுக்காரரா? அவங்க குதிரை ரெடி சார், ரெண்டு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சூப்பரா ஓட்டப் பழகிட்டாங்க! பொதி சுமக்க இன்னொண்ணு வேணுமான்னு கேட்டேன், அதுக்குத்தான் ஹஸ்பண்ட் வர்றாரேன்னு சொல்லிட்டாங்க!"