ரோஜா வண்டியில் வந்த கல்யாண கேக்

உங்க வீட்டுக் கல்யாணத்தில் உங்களை நம்பி என்ன வேலை கொடுத்தார்கள்? உண்மையைச் சொல்லுங்கள். பந்தியில் தண்ணீர் ஊற்றுவதா? "வேன் வந்துடுச்சான்னு பாரு" என்று மெயின் ரோட்டில் நிறுத்தி வைப்பதா? எனக்குக் கேக்கைக் கொடுத்தார்கள். மூன்று அடுக்கு, பதினோரு கிலோ, உச்சியில் பொம்மை ஜோடி.

"டேய் ஜோயல், உனக்கு இந்த ஒரே ஒரு வேலைதான். ஆறு மணிக்கு நான் ஹாலுக்குள்ள வரும்போது கேக் முழுசா நிக்கணும்" என்றாள் ஷீபா அக்கா. கல்யாணப் பொண்ணு. தாலி கட்டுவது பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச்சில், நாலு மணிக்கு. ரிசப்ஷன் அதே தெருவில் இருக்கும் ஹாலில். கேக் செய்வது ஊருக்கு வெளியே அத்திபெலேயில். நடுவில் ஹோசூர் ரோடு டிராஃபிக். மேற்கொண்டு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சாதாரண ஆளாக இருந்தால் ஒரு கார் பிடித்து விஷயத்தை முடித்திருப்பான். என் கெட்ட நேரம், கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு, தொம்மலூரில் என் ஆபீஸில், ‘புதிதாக யோசிப்பது எப்படி’ என்று ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். (மெயிலில் பிரியாணி உண்டுன்னு போட்டிருந்தாங்க. லீவுல இருந்தவன்கூட வந்தான்.) எல்லாரும் செய்வதையே செய்யாதே, எதையும் அப்படியே நம்பாதே, ஐந்து முறை ‘ஏன்’ கேள், பதில் தானாக வரும் என்றார் பயிற்சி கொடுத்தவர். காபி மெஷின் முன்னால் நிற்கும் க்யூவை ஒழிக்க ஆளுக்கு ஒரு ஐடியா கேட்டார். "ஆளுங்க ஏன் நிக்கணும்? கப்புங்க நிக்கட்டுமே!" என்றேன். கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கு ஒரு நீலக் கலர் கப் பரிசு. (மறுநாளே அமல்படுத்தினோம். மூணு பேர் அடுத்தவன் காபியைக் குடிச்சாங்க, ஒருத்தன் மேனேஜர் காபியை. அதை விடுங்க.)

அன்றிலிருந்து நான் சாதாரண மனிதன் இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டினேன்.

"அம்மா, நாம ஏன் தினமும் தயிர் வாங்கறோம்?"

"நீ தினமும் திங்கறதால."

"நான் ஏன் தினமும்..."

"இன்னொரு ஏன் வந்துச்சு, கரண்டி பறக்கும்."

இப்போது கேக்குக்கு வருவோம். எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் கேக் ஸ்டெல்லா ஆன்ட்டிதான். அம்மாவோடு கோலார் தங்கவயலில் ஒன்றாகப் படித்தவர், இப்போது அத்திபெலேயில் வீட்டிலேயே கேக் செய்கிறார். பிளம் கேக், மேலே கெட்டியான சர்க்கரை ஐசிங், அதன் மேல் சர்க்கரையிலேயே செய்த ரோஜா. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரே முறைதான். மூன்று அடுக்கையும் மூன்று பெட்டியில் தனித்தனியாகக் கொண்டுவந்து, ஹாலில் உட்கார்ந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒட்டிய இடம் தெரியாமல் பூ வைப்பார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரம் சர்ச்சில் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்.

"முப்பது கல்யாணத்துக்கு மேல கேக் செஞ்சாச்சு ஜோயல்" என்றார் ஒருநாள் போனில். "ஒரு தாலி கட்டறதைக்கூட கண்ணால பாத்ததில்ல. ஷீபா நான் தூக்கி வளத்த பொண்ணு. அவளோடதையாவது பாக்கணும்னு இருக்கு. என்ன பண்றது, கேக்கை யாரு அடுக்கறது?"

பார்த்தீர்களா, என் மனசு சுத்தம். அந்தக் குரல்தான் என்னைக் கிளப்பியது. ஐந்து ‘ஏன்’ கேட்க உட்கார்ந்தேன், மூன்றே போதுமாக இருந்தது. ஏன் ஹாலில் அடுக்க வேண்டும்? முழுசாகக் கொண்டுவந்தால் ஆடி உடையும். ஏன் ஆடும்? காரில் உயரம் பத்தாது, சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஏன் கார்? இங்கேதான் பல்பு எரிந்தது. ஹால் அலங்காரத்துக்குப் பூ அதே அத்திபெலே பக்கத்திலிருந்துதான் வருகிறது, உள்ளே நின்றபடி நடக்கும் உயரமுள்ள, ஏசி வைத்த ரோஜா வண்டியில்! ஒரே ஊர், ஒரே நாள், ஒரே ஹால். இதை இத்தனை வருஷமாக யாரும் யோசிக்கவில்லையே என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பூ வண்டி டிரைவர் முனிராஜுவுக்குப் போன் செய்தேன்.

"கேக்கா? சாப்பாட்டு சாமான்லாம் ஏத்த மாட்டேன் சார். ஒரு எறும்பு வந்தாலும் ரோஜா கட்டு பூரா போச்சு. ஓனர் என்னை வுடமாட்டாரு."

இங்கே நான் இன்னொரு ‘ஏன்’ கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பொய் சொன்னேன்.

"கேக்கு மாதிரி இருக்கும்ணா, கேக் இல்ல. டேபிள் மேல வைக்கிற பூ அலங்காரம்."

"பூவா? பூன்னா பரவால்ல. டென்ஷன் பேடா சார், கவலையே வேணாம், என்கிட்ட வுட்டுடுங்க."

ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் "ஏசி வண்டி ஏற்பாடு பண்ணிட்டேன், நீங்க வீட்டுலயே அடுக்கிடுங்க" என்றேன். அது பொய் இல்லை. ஏசி இருந்தது. வண்டியும் இருந்தது.

கல்யாண நாள் காலை ஆன்ட்டி கேக்கை அடுக்கி முடித்தார். என் சித்தப்பா பையன் காரில் அவரைப் பட்டுப்புடவையோடு காக்ஸ் டவுனுக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "பொட்டிய இறுக்கி மூடாத. ஐசிங்குக்குக் காத்து வேணும்" என்றார். சொன்னதற்கு மேல் செய்வதுதான் என் குணம். இடுப்புயர ரோஜா அட்டைப்பெட்டி ஒன்றைப் பிடித்து, கேக்கை உள்ளே வைத்து, அதன் மூடியில் கத்தியால் பதினாறு ஓட்டை போட்டேன். பெட்டியை வண்டியில் ஏற்றி, அதற்கு அடியில் என் யோகா பாயை நாலாக மடித்துப் போட்டேன். முனிராஜுவின் வாட்ஸ்அப்புக்கு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து காக்ஸ் டவுன் வரை எங்கெங்கே ஸ்பீடு பிரேக்கர் என்று பட்டியல் அனுப்பினேன். ஏசி எவ்வளவு, வேகம் எவ்வளவு, பிரேக் எப்படி மிதிக்க வேண்டும், எல்லாம் எழுதினேன். பிறகு பைக்கில் பறந்து சர்ச்சுக்கு வந்துவிட்டேன்.

ஸ்டெல்லா ஆன்ட்டி முதல் வரிசை. தாலி கட்டும்போது அவர் அழுத அழுகையில் எங்கம்மா அழ மறந்துவிட்டார். ‘டேய் ஜோயல், நீ பெரிய ஆளுடா’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்கு ஹால் வாசலில் வண்டி நின்றது. முனிராஜு முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு குலுக்கல் இல்ல சார். நீங்க அனுப்பின லிஸ்ட்டு பிரகாரம் ஓட்டினேன்."

"சூப்பர்ணா!"

"வாடவும் இல்ல. மூணு தபா தண்ணி தெளிச்சேன்."

நான் வண்டியின் பின்கதவைத் திறந்தேன்.

"எதுக்குண்ணா தண்ணி?"

"ஏசியில பூ காஞ்சிடும் சார். வழியில நிக்கறப்பெல்லாம் எல்லாத்துக்கும் தெளிப்போம். உங்க பொட்டியில நல்லவேளை மேல ஓட்டை வுட்டிருந்தீங்க. அடி வரைக்கும் எறங்கிச்சு."

பெட்டியின் அடியிலிருந்து பால் மாதிரி ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். சர்க்கரை ரோஜாக்கள் இருந்த இடத்தில் இளஞ்சிவப்புக் குட்டை. ஐசிங் மூன்று மாடியிலிருந்தும் வழிந்து கீழே தேங்கியிருந்தது. உச்சியில் நின்ற பொம்மை ஜோடி வழுக்கி அடிமாடிக்கு வந்திருந்தார்கள். பொண்ணு இடுப்பு வரை புதைந்திருந்தாள். மாப்பிள்ளை குப்புற விழுந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்.

முனிராஜு எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"சார். இது கேக்கு."

"ஆமாண்ணா."

"கேக்குன்னு சொல்லியிருந்தா நான் ஏன் சார் தண்ணி ஊத்தப்போறேன்?"

ஐந்து ‘ஏன்’ படித்தவன் நான். ஒரே ‘ஏன்’ கேட்டவர் அவர்.

ஆறு மணிக்கு நாற்பது நிமிடம் இருந்தது. என் மூளை வேகமாக வேலை செய்தது. (அதுதானே பிரச்சினையே.) பெட்ஷீட் போட்டு மூடி ‘சஸ்பென்ஸ்’ என்று சொல்லலாமா? கரண்ட் ஆஃப் பண்ணலாமா? டேபிள் ஃபேனைப் போட்டுக் காயவைக்கலாம் என்று நான் பிளக் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் பட்டுப்புடவைச் சத்தம். ஸ்டெல்லா ஆன்ட்டி.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ரோஜா வண்டி, எறும்பு, பொய், பதினாறு ஓட்டை. அவர் திட்டவில்லை. கேக்கைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். கத்தியை வாங்கி, கொழகொழ ஐசிங் முழுவதையும் ஒரே இழுப்பில் வழித்துத் தட்டில் போட்டார். உள்ளே பழுப்பு நிறத்தில் பிளம் கேக், பாறை மாதிரி.

"போனது சக்கரைதான். கேக்கு அப்படியே இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா இப்படி மொட்டையா எப்படிடா வெக்கறது?" என்றபோதுதான் குரல் உடைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தக் கேக் எனக்கு ஒரு ஐடியா, அவருக்கு அப்படி இல்லை.

முனிராஜு வண்டிக்குள் போனார். இரண்டு பந்து மல்லிச் சரத்தோடு வந்தார். "தள்ளுங்க மேடம். மொட்டையா இருந்தா பூ வெச்சாப் போச்சு. கொண்டைக்குச் சுத்தற மாதிரிதான்." ஒவ்வொரு அடுக்கையும் சுற்றி மல்லிச் சரம், இடையிடையே சிவப்பு ரோஜா. ஆன்ட்டி கூடவே நின்று, பூ கேக்கில் படாமல் அடியில் வெள்ளைப் பேப்பர் கொடுத்தார். முனிராஜுவுக்குப் பயிற்சி இல்லை, மஞ்சள் சீட்டு இல்லை, நீலக் கப்பும் இல்லை. பதினைந்து நிமிடம்.

ஆறு மணிக்கு அக்கா உள்ளே வந்தாள். கேக்கைப் பார்த்தாள். நின்றாள். நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

"ஆன்ட்டி... கேக்குக்குப் பூ வெச்சிருக்கீங்களா? என்னை மாதிரியே இருக்கு!" என்று தன் கொண்டையைத் தொட்டுக்கொண்டாள். ஹாலே போனை நீட்டிப் படம் எடுத்தது. தப்பித்தேன் என்று நான் மூச்சு விட்ட நொடியில், சாப்பாட்டுக்குக் கூட்டி வந்த முனிராஜுவிடம் எங்கள் பாஸ்டர் "ரொம்ப அழகா இருக்கு, யாரு ஐடியா?" என்று கேட்டுத் தொலைத்தார். அந்த நல்ல மனுஷன் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மைக் பக்கத்தில் நின்று.

"மூணு தரம் தண்ணி தெளிச்சீங்களா?" பாஸ்டர் சிரிக்காமல் கேட்டார். "அப்ப ஞானஸ்நானம் முடிஞ்சிடுச்சு. இனிமே வெட்டலாம்."

ஹால் சிரித்த சிரிப்பு காக்ஸ் டவுன் மார்க்கெட் வரை கேட்டிருக்கும். அக்கா கத்தியைக் கேக்கில் வைத்துக்கொண்டே என்னைத் தேடினாள், கண்ணாலேயே வெட்ட.

நான் இப்போதும் சொல்கிறேன், ஐடியாவில் தப்பில்லை. கேக் உடையவே இல்லை, ஆன்ட்டி தாலி கட்டுவதைப் பார்த்தார், இரண்டும் நடந்தது. புதிதாக யோசிப்பது நல்லதுதான். அந்த வேலையைத் தினமும் செய்கிறவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு யோசித்தால் இன்னும் நல்லது. என் நீலக் கப்பில் இதை எழுத இடம் இருக்கிறது, எழுதவில்லை.

ஆனால் வீட்டில் யார் கேட்கிறார்கள்? "எனக்கு ஒரு ஐடியா" என்று நான் வாயைத் திறந்தால், "தண்ணி தெளிச்சாச்சா?" என்று மாப்பிள்ளை மாமா உட்பட எல்லாரும் கோரஸ். ஸ்டெல்லா ஆன்ட்டி ஒரு சட்டமே போட்டுவிட்டார். குடும்பத்தில் எந்தக் கேக்கும் இனி பெட்டியில் தனியாகப் போகாது, ஜோயல் மடியில்தான் போகும்.

நாளைக்கு அக்காவின் முதல் கல்யாண நாள். இப்போது மணி ஐந்தரை, கார் அதே ஹோசூர் ரோட்டில், சில்க் போர்டு சிக்னலில் அரை மணி நேரமாக நிற்கிறது, இரண்டு கிலோ பிளம் கேக்குக்கு அடியில் என் இடது தொடை மரத்துவிட்டது.